டண்ணகரம்

இருபத்தாறு வருஷம்
மரண அறிவித்தல் பக்கத்துக்கு நான்தான் பிழை திருத்தினேன்.
யாழ்ப்பாணத்தில் ஒருவரும்
என் கண்ணில் படாமல் செத்ததில்லை.

பிறகு கண் அழுத்தம்.
முதலில் பக்கத்தின் ஓரங்கள் போயின,
விளம்பரங்கள் போயின,
கடைசியில் நடுப்பத்தியும்.
டொக்டர் எழுதித் தந்த முடிவில்
திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு அறை. எட்டுப் பிளாஸ்ரிக் கதிரை.
வகுப்பெடுப்பவள் ஜெனிற்றா, குருநகர்ப் பெட்டை.
பிறவியிலேயே பார்வையில்லை,
அதனால் எதையும் இழந்தவள் மாதிரிக்
கதைக்கத் தெரியாது அவளுக்கு.
"ஒருக்காத் தொட்டால் சொல்லும்.
ரெண்டுதரம் தட்டினால் திறக்கும்.
அண்ணை, அது படலை இல்லை, மெல்லமாத் தட்டுங்கோ."

முதல் கிழமை
கை தவறி வீடியோ கோல் போய்விட்டது.
கனடாவில் சகலன், அங்கே சாமம் மூன்று மணி.
"என்ன, ஆர் மோசம் போனது?"
என்று அலறிக்கொண்டு எழும்பினான்.

போனுக்குள் இருக்கிற பெண்குரல்
கடலுக்கு அந்தப் பக்கத்து ஆள்.
தங்கச்சி "வாறம்" என்று எழுதினால்
"வாரம்" என்பாள்.
எந்த வாரம் என்று நான் கிடந்து யோசிப்பேன்.
பின்னேரம் நாலரை அவளுக்கு
நான்கு புள்ளி மூன்று பூச்சியம்.
செத்தவீட்டுச் செய்தியின் முடிவில்
கூப்பிய கைகள் கூப்பிய கைகள் கூப்பிய கைகள் என்று
பதினொரு தரம் சொல்லுவாள்,
ஒரு தரமும் குரல் தழும்பாமல்.

வேகத்தைக் கூட்டுங்கோ என்றாள் ஜெனிற்றா.
மாட்டேன் என்றேன்.
பிழை பார்க்கிறவன் எறும்பாய் ஊர வேண்டியவன்.
மாரி தொடங்கக் கொஞ்சம் கூட்டினேன்.
தை பிறக்க இன்னும் கொஞ்சம்.
இப்போது அவள் வாசிப்பது
தாச்சியில் கடுகு வெடிக்கிற மாதிரி.
வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை.
"இதென்ன மந்திரமோ" என்று
பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள் மனைவி.

மூன்று வருஷமாய் எனக்கு வந்ததெல்லாம்
ஆருடையதோ வாயால் வந்தது.
மருந்துச் சீட்டு, வங்கியின் மிச்சக் கடன்,
அக்காவின் கோபம்,
எல்லாம் அவர்கள் தொண்டையைச் செருமிய பிறகு.
இனி இல்லை.
திரையையும் இருட்டாக்கிவிட்டேன். பற்றறியும் மிச்சம்.
கறுத்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு
தனியே சிரிக்கிறான் என்று
அயல் நினைத்தால் நினைக்கட்டும்.

நேற்று விடிய ஐந்தரை.
தேத்தண்ணி இன்னும் வரவில்லை.
பழைய பக்கத்துக்குப் போனேன். இப்போது அது போனிலும் வருகிறது.
நவாலியைப் பிறப்பிடமாகவும்
ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட
பேரம்பலம் குணசிங்கம் அவர்கள்.
கடுகு வெடித்துக்கொண்டு போனது.
நாலாம் வரியில் எதுவோ தட்டுப்பட்டது.
காதுக்கில்லை, காதுக்கு எல்லாம் சரி.
சந்தேகம் என்பது தொழில் வியாதி.

எழுத்தெழுத்தாகப் போ என்று விரலை இழுத்தேன்.
சொல்லுக்குள் ஓடும்போது
ணவுக்கும் னவுக்கும் அவளிடம் ஒரே நாக்கு.
தனியே நிறுத்தினால்தான் மடியும்.
க.
அடுத்ததில் மடியவில்லை.
திரும்பப் போனேன். மடியவில்லை.
சிவகாமிப்பிள்ளையின் அன்புக் கனவரும்.
அறுபது வருஷம் கூட இருந்த மனிசன்,
ஒரு சுழி குறைந்ததில்
கனவாய்ப் போனார்.

கந்தோருக்கு அடித்தேன். இரவு வேலைப் பெடியன் எடுத்தான்.
குரலை மட்டுக்கட்டிவிட்டான்.
"அண்ணை! கண் சுகமாகிட்டுதோ உங்களுக்கு?"

"இல்லைத் தம்பி. நாலாம் வரி.
றன்னகரம் விட்டிருக்கிறியள்.
டண்ணகரம் போடுங்கோ.
அந்த மனிசி எழும்ப முதல் போடுங்கோ."